மலைச்சரிவில் கழிவுநீர்: கேள்வி பதில்

நீலகிரியிலும் கொடைக்கானல் மேல்மலையிலும் வீடு கட்டுபவர்கள், ஊர்க்குழுவினர் கேட்ட கேள்விகள்.

கே: சார், ஐந்து பேர் உள்ள வீடு. செப்டிக் டேங்க் எந்த அளவில் கட்டலாம்?

ப: இந்தியத் தரநிலைப்படி 5 பேருக்கு உள்ளளவு 1.5 மீட்டர் நீளம், 75 செ.மீ. அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் சுமார் 1 மீட்டர். சமவெளிக்கு அது போதும். குளிரில் கசடு மெதுவாகத்தான் செரிக்கும், 10 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய நின்றே போகும். அதனால் ஒன்றரை மடங்காகக் கட்டுங்கள். இரண்டு அறை வேண்டும்; முதலாவது மூன்றில் இரண்டு பங்கு. உள்ளே வரும் குழாய், வெளியேறும் குழாயைவிட 5 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். வெளியேறும் முனையில் உள்ள டீயின் (T வடிவக் குழாய்) கால் 30 செ.மீ. தண்ணீருக்குள் இறங்காவிட்டால் மிதக்கும் ஏடு வெளியே போய், டேங்க் நீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சு குழியை அடைத்துவிடும்.

கே: கழிப்பறைக்கும் டேங்குக்கும் ஆறு மீட்டர் இறக்கம். நேராகக் குழாய் போடலாமா?

ப: வேண்டாம். வேகமாக வந்து விழும் தண்ணீர் அடிக்கசடைக் கலக்கிவிடும். இறக்கத்தை டிராப் சேம்பரில் (தண்ணீர் செங்குத்தாக விழுந்து வேகம் தணியும் தொட்டி) முடித்து, கடைசி 10–12 மீட்டரை 1:50 வாட்டத்தில் (50 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம்) கொண்டுவாருங்கள். திருப்பங்களில் ஒரு 90 டிகிரி பெண்டுக்குப் பதிலாக இரண்டு 45.

கே: இரட்டை உறிஞ்சு குழி போடச் சொல்கிறார்கள். ஆனால் எங்கள் குடிநீர் ஊற்று கீழேதான் இருக்கிறது, அண்ணா.

ப: நீங்கள் கவலைப்படுவது சரிதான். டேங்க் கசடைப் பிரிக்கிறது, அவ்வளவுதான். கிருமி சாவது மண்ணில். குழியின் அடிக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் நடுவே 2 மீட்டர் மண் இருக்க வேண்டும். ஊற்றுக்கு 10 மீட்டர் தள்ளினால் போதும் என்பது சமதளத்து மண்ணுக்கான கணக்கு. நேர் மேலே குழி வருமானால் 30 மீட்டருக்குக் குறைவாக நான் ஒப்ப மாட்டேன். வெடிப்புப் பாறையானால் எவ்வளவு தள்ளினாலும் நம்ப முடியாது.

முதலில் மண்ணைச் சோதியுங்கள், அதுவும் மழைக்காலத்தில். 30 செ.மீ. அகலக் குழி தோண்டி, இரவு முழுக்கத் தண்ணீர் ஊற விட்டு, காலையில் மறுபடி நிரப்பி, 2.5 செ.மீ. இறங்க எத்தனை நிமிடம் என்று பாருங்கள். 60 நிமிடத்தைத் தாண்டினால் குழி நிரம்பி வழியும். ஒரு நிமிடத்துக்குள் இறங்கினால் வடிகட்டாமலே ஓடிவிடும். இன்னொன்று: சரிவில் ஓரிடத்தில் தொடர்ந்து தண்ணீர் இறக்கினால் மண் இளகும். 2009 நவம்பரில் நீலகிரியில் சரிந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

கே: அப்படியானால் மாற்று வழி?

ப: டேங்குக்கு அடுத்து, அதன் நீரைச் சுத்திகரிக்கச் செடி நட்ட ஜல்லிப் படுகை. தண்ணீர் கசியாத தொட்டி, ஆழம் 60 செ.மீ., அடியில் 1 சதவீத வாட்டம். நடுவில் 8–12 மி.மீ. கழுவிய ஜல்லி, இரு முனையிலும் 5–8 செ.மீ. கற்கள். நீளவாக்கைச் சரிவுக்குக் குறுக்கே, தேயிலைத் தோட்டத்துப் படிக்கட்டு போல அமையுங்கள். சமவெளியில் ஆளுக்கு 1–2 சதுர மீட்டர் போதும், குளிரில் 3–5 வேண்டும். சம்புப் புல்லும் கல்வாழையும் நடலாம். உறைபனியில் கல்வாழை இலை கருகும், கிழங்கு பிழைத்துவிடும். தண்ணீர் மட்டம் ஜல்லியின் மேற்பரப்புக்கு 5–10 செ.மீ. கீழேயே நிற்கட்டும், கொசு வராது, குளிரும் குறைவாகத் தாக்கும். மட்டத்தைக் கூட்டிக் குறைக்க, வெளியேறும் முனையில் திருப்பக்கூடிய எல்போ (வளைந்த குழாய்த்துண்டு) வையுங்கள். வெளிவரும் நீரைப் பழமரங்களுக்குக் கால்வாயில் விடலாம். கீரை, கேரட்டுக்கு வேண்டாம்.

கே: படுகையின் மேலே தண்ணீர் நிற்கிறதே?

ப: நுழைவாயில் பக்கம் அடைத்திருக்கும். முதல் ஒரு மீட்டர் ஜல்லியை அள்ளிக் கழுவிப் போடுங்கள். பிறகு டேங்கைத் திறந்து பாருங்கள்: கசடும் ஏடும் சேர்ந்து ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கானால் எடுக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. சமையலறைத் தண்ணீருக்கு எண்ணெய் பிடிக்கும் தொட்டி இல்லையென்றால் அடைப்பு திரும்ப வரும்.

கே: நாற்றத்துக்கு ஆசிட் ஊற்றலாமா?

ப: கூடாது, நுண்ணுயிர் செத்துவிடும். காற்றுக்குழாயைக் கூரைக்கு மேல் உயர்த்தி வலை கட்டுங்கள்.

கே: கசடு உறிஞ்சும் லாரி வீடுவரை வராது. டேங்கில் ஆள் இறக்கிக் கசடை எடுக்கலாமா?

ப: கூடவே கூடாது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆளை நொடியில் சாய்த்துவிடும். ஹோஸ் எட்டும் இடத்தில் டேங்கை வைப்பதுதான் வழி. ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் முக்கால் பங்குதான். அதனால் லாரி நிற்கும் சாலைக்கு 5 மீட்டருக்கு மேல் கீழே இருக்கும் கசடைப் பம்பு இழுப்பது கடினம். தூரத்தோடு இந்த இறக்கத்தையும் அளந்துவிட்டுத் தோண்டுங்கள்.