பழைய பிஸ்டலுக்குப் பொட்டு வைக்கலாமா?

ஆயுத பூஜை முடிந்த வாரத்தில்தான் எனக்குக் கேள்விகள் அதிகம் வரும். வருஷம் முழுக்கப் பீரோவுக்குள் கிடந்த பிஸ்டல் அன்றைக்குத்தான் வெளிச்சத்துக்கு வருகிறது. துரு கண்ணில் படுகிறது, மேல்பக்கத்தில் முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு இழுபடாமல் முரண்டு பிடிக்கிறது. இந்த முறை மதுரையிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் வந்த சில கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. பிஸ்டலைக் கையில் எடுத்ததும் முதலில் மேகசினை, அதாவது தோட்டா அடுக்கும் கூட்டை, கழற்றுங்கள். அப்புறம் ஸ்லைடை இழுத்து, சுடும் தோட்டா உட்காரும் சேம்பருக்குள் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் தடவிப் பாருங்கள். இந்த வரிசை மாறவே கூடாது. மேகசின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுத்தால், ஒரு தோட்டா வெளியே விழும், கீழே இருக்கும் அடுத்தது சேம்பருக்குள் ஏறிவிடும். அதற்குப் பிறகு மேகசினைக் கழற்றிவிட்டு ‘காலி’ என்று நினைப்பவர்கள் கையில்தான் விபத்து நடக்கிறது.

அப்பா வைத்திருந்த .32 பிஸ்டல், இப்போது என் உரிமத்தில் இருக்கிறது. நாலு ரவுண்டு சுட்டால் ஒன்று பாதியில் சிக்கி நிற்கிறது. பேரலை (குழலை) மாற்ற வேண்டுமா? – மேலூர்

பேரலைத் தொடவே வேண்டாம் தம்பி. பழைய பிஸ்டலில் தோட்டா சிக்கினால் நான் முதலில் சந்தேகப்படுவது மேகசினைத்தான். கீழே விழுந்து மேல் உதடு லேசாக விரிந்திருந்தாலே போதும், தோட்டா தலையைத் தூக்கிக்கொண்டு வரும். மேகசின் ஸ்பிரிங் பல வருஷம் நிரப்பியும் காலி செய்தும் தளர்ந்திருக்கும். உங்களிடம் இரண்டு மேகசின் இருந்தால் ஒன்றில் மட்டும் அடையாளம் போட்டு, எதில் சிக்குகிறது என்று குறித்து வையுங்கள். ஒன்றில் மட்டும் சிக்கினால் நோய் மேகசினில்தான்.

.32 தோட்டாவுக்கே ஒரு குணம் உண்டு. ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1899-ல் வந்த தோட்டா அது. அடி விளிம்பு உடம்பைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்கும். மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு, கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் போய்விட்டால் இரண்டும் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். குட்டையான தோட்டா போட்டால் முன்னும் பின்னும் நகர இடம் கிடைத்து இந்தச் சிக்கல் அடிக்கடி வரும். நிரப்பும்போது ஒவ்வொன்றையும் கவனித்து உட்கார வையுங்கள்.

மேகசின் சரியாக இருந்தால் அடுத்தது ரீகாயில் ஸ்பிரிங், பின்னால் போன ஸ்லைடை முன்னுக்குத் தள்ளும் ஸ்பிரிங். இந்த வகைப் பிஸ்டல்களில் பெரும்பாலானவற்றில் ஸ்லைடைப் பூட்டி வைக்கும் ஏற்பாடே கிடையாது. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் விசையும்தான் எல்லாம். ஸ்பிரிங் தளர்ந்தால் ஸ்லைடு முழுசாக மூடாது, சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வழக்கத்தைவிடத் தூரமாகத் தெறிக்கும், ஸ்லைடு பின்னால் ஃபிரேமில் (பிஸ்டலின் அடிச்சட்டத்தில்) ஓங்கி அடித்து அடித்து ஒருநாள் கீறல் விடும். தளர்ந்த ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ரெண்டு நாள் வேலை செய்யும், அவ்வளவுதான். அந்த மாடலுக்கு உரிய புது ஸ்பிரிங்கையே போடச் சொல்லுங்கள். பழைய பிஸ்டலுக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகச் சிறந்த ‘அப்கிரேட்’ புது ஸ்பிரிங் செட்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைத்தோம். துடைத்துப் பார்த்தால் அந்த இடத்தில் வட்டமாகத் துரு. என்ன செய்வது? – உசிலம்பட்டி

போன வாரம்தான் இதே மாதிரி ஒன்று என் மேஜைக்கு வந்தது. ஸ்லைடின் பக்கவாட்டில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவப்பு வளையம். உள்ளே கழற்றினால், ஸ்லைடு ஓடும் காடி முழுக்கக் குங்குமப் பொடி எண்ணெயோடு குழைந்து சேறாகக் கிடந்தது. சந்தனத்தைத் தண்ணீரில் குழைத்துத்தானே வைக்கிறோம். அந்த ஈரம் காயும்வரை இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும்.

துரு மேலாக இருந்தால் துப்பாக்கி எண்ணெயைத் தடவி ஒரு ராத்திரி ஊற விடுங்கள். பழைய பருத்தி வேட்டித் துணியால் தேயுங்கள். போகவில்லையென்றால் பித்தளைப் பிரஷ். உப்புத்தாள் மட்டும் வேண்டாம், கறுப்புப் பூச்சு மொத்தமும் போய்விடும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டும் கூடாது. நாளாக நாளாகப் பிசுபிசுத்துப் பிசின் போல இறுகும். பூஜை என் வீட்டிலும் உண்டு, பொட்டைப் பெட்டியின் மூடி மேல் வைக்கிறோம். தோல் உறைக்குள்ளும் நிரந்தரமாக வைக்காதீர்கள், ஐப்பசி மழையில் தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

பேரலுக்குள்ளும் துரு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது பூஜையால் வந்ததல்ல. பழைய தோட்டாக்கள் பலவற்றின் பிரைமரில், அதாவது அடியில் தீப்பொறி கிளப்பும் மருந்தில், பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்ட பிறகு அது பொட்டாசியம் குளோரைடாகப் பேரலில் படியும். சமையல் உப்புக்குப் பங்காளி அது, காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். எண்ணெயில் கரையாது. கொதிநீர் ஊற்றிக் கழுவி, நன்றாக உலர்த்தி, அப்புறம்தான் எண்ணெய்.

நிக்கல் பூச்சு போட்டுப் பளபளப்பாக்கலாமா? – அதே வாசகர்

வேண்டாம். பாலிஷ் போடுகிற சக்கரம் நம்பரையும் கம்பெனி முத்திரையையும் சேர்த்துத் தேய்த்துவிடும். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் 8-ஆம் பிரிவுப்படி அடையாளக் குறியை அழிப்பது குற்றம்.

இதையே 9 எம்.எம். ஆக மாற்ற முடியுமா? – திருப்பரங்குன்றம்

முடியாது, கூடாது. 9 எம்.எம். இங்கே தடை செய்யப்பட்ட ரகம். அதோடு .32 தோட்டாவின் உச்ச அழுத்தம் 20,500 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), 9 எம்.எம்.முக்கு 35,000. ஸ்பிரிங்கை மட்டும் நம்பி நிற்கும் ஸ்லைடு அதைத் தாங்காது.

குதிரை விழுகிறது, தோட்டா வெடிக்கவில்லை. தோட்டாவின் அடியில் குத்தி வெடிக்க வைக்கும் ஃபயரிங் பின்னை லேத்தில் புதிதாகக் கடைந்து தருகிறேன் என்கிறார் ஒருவர். – அலங்காநல்லூர்

லேத் வேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சம்மதிக்காதீர்கள் அண்ணே. துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே 5-ஆம் பிரிவின்படி உரிமம் வேண்டும். அது இல்லாதவரிடம் கொடுத்தால் உங்கள் உரிமத்துக்கும் ஆபத்து. சாதா இரும்பில் கடைந்த பின் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். முனை காளான் மாதிரி மழுங்கி, துவாரத்திலேயே மாட்டி, முன்பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. அப்படி நிற்கும்போது ஸ்லைடு மூடினாலே தோட்டா வெடிக்கலாம்.

உங்கள் பின் நன்றாகவே இருக்கலாம். அது ஓடும் குழியில் இறுகிப்போன எண்ணெயைச் சுத்தம் செய்தாலே பாதிப் பிஸ்டல்கள் சரியாகிவிடும். இல்லையென்றால் அதன் ஸ்பிரிங். தோட்டா இல்லாமல் டிரிக்கரை இழுத்து விளையாடும் பழக்கத்தையும் விடுங்கள், பழைய பின் உடைவதே அதனால்தான். டம்மி தோட்டா போட்டுப் பழகுங்கள்.

சேம்பரில் ஒன்று ஏற்றி, சேஃப்டி போட்டு வைக்கலாமா? – சிம்மக்கல்

கூடாது. அந்தக் காலத்துச் சட்டைப்பைப் பிஸ்டல்கள் பலவற்றில் ஃபயரிங் பின்னைத் தடுத்து நிறுத்தும் பூட்டு இல்லை. சேஃப்டியும் தேய்ந்திருக்கும்.

என் கணவர் தை மாதம் தவறிவிட்டார். பீரோவில் அவருடைய பிஸ்டலும் ஒரு பெட்டித் தோட்டாவும் இருக்கின்றன. பையன் பெயருக்கு மாற்றும்வரை வீட்டில் வைத்திருக்கலாமா? – திருமங்கலம்

வைத்திருக்கக் கூடாது அம்மா. உரிமம் அவர் பெயருக்குக் கொடுத்தது, அவரோடு முடிந்துவிட்டது. 21-ஆம் பிரிவின்படி தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை. வாரிசு என்ற முறையில் உங்கள் மகன் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம், கிடைத்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அவரிடம் ஏற்கெனவே துப்பாக்கி இருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டுதான் என்பதை நினைவில் வையுங்கள்.

நீங்களாகக் கழற்றிப் பார்க்க வேண்டாம், அது இருக்கும் பீரோவைப் பூட்டிச் சாவியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்துக்கு முதலில் சொல்லிவிட்டு, கையாளத் தெரிந்த ஒருவர் அதைக் காலி செய்து கொடுத்த பிறகு, உரிமப் புத்தகத்தோடு போங்கள். தோட்டாவை எண்ணிக் கொடுங்கள். ரசீதில் எழுதும் நம்பரைப் பிஸ்டலில் இருக்கும் நம்பரோடு நீங்களே ஒருமுறை ஒத்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.