ரமோன் நொவாரோ: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, மௌனப்படக் காலத்தில் ஹாலிவுட்டில் புகழ்பெற்ற நடிகர் ரமோன் நொவாரோவுக்கு அதுதான் இயற்பெயரா?

பதில்: இல்லை. 1899ஆம் ஆண்டு மெக்சிகோவின் துராங்கோவில் பல் மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஹொசே ரமோன் கில் சமானியேகோ. மெக்சிகப் புரட்சியின் கலவரத்தால் குடும்பம் லாஸ் ஏஞ்சல்ஸில் குடியேறியது. அங்கே உணவகத்தில் பரிமாறியும் பாடியும், படங்களில் துணை நடிகராகக் கூட்டத்தில் நின்றும் பிழைத்த இளைஞரை, இயக்குநர் ரெக்ஸ் இங்கிராம் 1922இல் 'தி பிரிசனர் ஆஃப் செண்டா' படத்தின் வில்லனாக்கி முன்னுக்குக் கொண்டுவந்தார்.

கேள்வி: 'பென்-ஹர்' என்ற மௌனப்படத்தின் நாயகனாகும் வாய்ப்பு அவருக்கு எப்படிக் கிடைத்தது?

பதில்: முதலில் ஜார்ஜ் வால்ஷ் என்பவரைத்தான் நாயகனாக இத்தாலிக்கு அனுப்பியிருந்தார்கள். 1924இல் எம்.ஜி.எம். படத்தயாரிப்பு நிறுவனம் உருவானதும், புதிய நிர்வாகம் இயக்குநரையும் நாயகனையும் ஒருசேர மாற்றியது; வால்ஷின் இடத்துக்கு நொவாரோ வந்தார். இத்தாலியில் வேலை இழுத்துக்கொண்டே போனதால் படப்பிடிப்பு கலிஃபோர்னியாவுக்கே திரும்பியது. புகழ்பெற்ற தேரோட்டப் பந்தயம் அங்கு எழுப்பிய பிரம்மாண்ட அரங்கில்தான் படமாக்கப்பட்டது. ஏறத்தாழ 39 லட்சம் டாலர் விழுங்கிய அந்தப் படம் 1925 டிசம்பரில் வெளியாகி, அவரை முதல் வரிசை நட்சத்திரமாக்கியது.

கேள்வி: பேசும்படம் வந்ததால்தான் அவர் வீழ்ந்தாரா?

பதில்: பலரும் அப்படிச் சொல்வதை நான் ஏற்கவில்லை. அவர் நன்றாகப் பாடக்கூடியவர்; 1929இல் வெளியான 'தி பேகன்' படத்தில் பாடிய பாட்டு ஊரெங்கும் ஒலித்தது. அடுத்த ஆண்டே ஸ்பானிய மொழிப் படம் ஒன்றைத் தாமே இயக்கி நடித்தார். 1931இல் 'மாத்தா ஹரி'யில் கிரேட்டா கார்போவுடன் நடித்து வெற்றியும் கண்டார். அவரைச் சாய்த்தவை அவருக்குத் தரப்பட்ட வேடங்களே. அயல்நாட்டார் என்றாலே நொவாரோ என்று முடிவுகட்டிய நிறுவனம், இந்தியர், சீனர், எகிப்தியர், நவஹோ பழங்குடியினர் என்று ஆண்டுக்கொரு இனத்தவராக அவரை மாற்றிக்கொண்டிருந்தது. 1927இல் லூபிட்ச் இயக்கத்தில் ஜெர்மன் இளவரசராக அவர் காட்டிய துள்ளலையும் கூச்சத்தையும் பார்த்தவர்களுக்கு, எப்பேர்ப்பட்ட நடிகரை வீணடித்தார்கள் என்பது விளங்கும். 1935இல் ஒப்பந்தம் முடிந்தது.

கேள்வி: அவருடைய மரணம் பற்றி?

பதில்: 1968 அக்டோபர் 30 அன்று, வீட்டில் பெரும்பணம் இருப்பதாக நம்பி வந்த சகோதரர் இருவர் அவரை அடித்துக் கொன்றனர், இருவரும் தண்டிக்கப்பட்டனர். அந்தக் கொடூரத்தைப் பற்றி எழுதியவர்கள் அவருடைய நடிப்பைப் பற்றி அதில் பாதியாவது எழுதியிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

கேள்வி: மெக்சிகராகவே அவர் நடித்த படம் எதையேனும் பரிந்துரைப்பீர்களா?

பதில்: 1949இல் வந்த 'தி பிக் ஸ்டீல்' பாருங்கள். ஆங்கிலம் பழகிக்கொண்டே, எதிரில் இருப்பவரின் பொய்யைப் பொறுமையாக எடைபோடும் மெக்சிகக் காவல்துறை அதிகாரியாக, ஐம்பது வயதில், சிறிய வேடத்திலும் அவர் நம் கண்ணைத் தம்மீதே நிறுத்திவைக்கிறார்.