லேசர் டயோடுக்கு கோபால்ட்-60 சோதனை மட்டும் போதுமா?

கேள்வி: கீழக்கரைப் பக்கம் பொறியியல் கல்லூரியில் படிக்கிறோம். சிறிய செயற்கைக்கோளுக்கு லேசர் தொடர்புக் கருவி செய்கிறோம், 550 கி.மீ. உயரம், 3 ஆண்டு ஆயுள். கடையில் கிடைக்கும் 1550 நானோமீட்டர் லேசர் டயோடும், ஒளியை மின்னோட்டமாக்கும் இண்டியம் காலியம் ஆர்சினைடு ஃபோட்டோ டயோடும் கதிர்வீச்சைத் தாங்குமா? கோபால்ட்-60 சோதனை போதுமா?

பதில்: போதாது. கோபால்ட்-60 தருவது காமா கதிர். அது பெரும்பாலும் அயனியாக்கத்தோடு, அதாவது அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிரிப்பதோடு நின்றுவிடும். லேசருக்கு மின்னோட்டம் கொடுக்கும் ட்ரைவர் ஐசிக்கு அதுதான் பரீட்சை. டயோடைக் கெடுப்பது விண்வெளியில் உள்ள புரோட்டான். படிகத்தின் அணுவையே இடம்பெயர்த்துவிடும். அந்தப் பழுதில் சிக்கும் எலெக்ட்ரான் ஒளி தராமலே அடங்கிவிடுவதால் லேசர் ஒளி தரத் தொடங்கத் தேவையான தொடக்க மின்னோட்டம் ஏறும். ஃபோட்டோ டயோடில், ஒளி படாதபோதும் ஓடும் இருள் மின்னோட்டம் ஏறும். 1992-ல் ஏவிய டோபெக்ஸ்/பொசைடன் செயற்கைக்கோளில் ஆப்டோகப்ளர்கள் (ஒளி வழியே சமிக்ஞை கடத்தும் உறுப்புகள்) செயலிழந்ததும் புரோட்டானால்தான்.

ஆனாலும் உங்கள் உயரத்துக்கு லேசர் சில்லு பெரும்பாலும் தாங்கிவிடும். எனக்குக் கவலை அதைச் சுற்றியுள்ளவற்றில்தான். ட்ரைவர் ஐசி ஒன்று. ஒளியைப் பெருக்க எர்பியம் ஃபைபர் ஆம்ப்ளிஃபயர் வைத்தால், அந்த ஃபைபர் கறுத்துப்போய் ஒளியை விழுங்கும். சாதாரண ஆப்டிகல் கண்ணாடியும் கறுக்கும். லென்ஸுக்குத் தூய சிலிக்கா வாங்குங்கள். லேசர் உறைக்குள்ளேயே இருக்கும் கண்காணிப்பு ஃபோட்டோ டயோடையும் மறக்காதீர்கள். அதன் உணர்திறன் குறைந்தால், ஒளி குறைந்துவிட்டதாக நினைத்துக் கட்டுப்பாட்டுச் சுற்று மின்னோட்டத்தை ஏற்றிக்கொண்டே போகும். நல்ல லேசர் வெந்துபோகும். மின்னோட்டத்துக்கு உச்சவரம்பு கட்டாயம் வையுங்கள்.

கதிர்வீச்சு டோஸ் எவ்வளவு? வட்டப்பாதைச் சாய்வையும் கவசத் தடிமனையும் கொடுத்து, ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஸ்பென்விஸ் இணையக் கருவியில் கணக்கிடுங்கள். 2-3 மி.மீ. அலுமினியத்துக்குள் ஆண்டுக்குச் சுமார் 1 கிலோராட் (ராட் என்பது உறிஞ்சிய கதிர்வீச்சின் அலகு) வந்தால், 10 கிலோராட் வரை சோதித்தால் தாராளம். புரோட்டான் அளவையும் அதிலேயே எடுத்து இரு மடங்காக்குங்கள். புரோட்டான் கற்றைக்கு மும்பை டி.ஐ.எஃப்.ஆர்., டெல்லி ஐ.யூ.ஏ.சி. ஆய்வு நிறுவனங்களின் பெல்லட்ரான் துகள் முடுக்கிகளில் முன்கூட்டியே நேரம் கேட்க வேண்டும்.

ஒரே தொகுதியில் 10 டயோடு வாங்குங்கள். 8-ஐக் கதிரில் வையுங்கள்; 2 ஒப்பீட்டுக்கு. அந்த 8-ல் பாதிக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். மின்னோட்டம் ஓடினால் பழுது ஓரளவு தானே ஆறிவிடும். ஓடாத நிலைதான் மோசமான நிலை. வெப்பநிலையை 25 டிகிரியில் நிறுத்துங்கள். ஒரு டிகிரி மாறினாலே தொடக்க மின்னோட்டம் சுமார் 2% நகரும், சிறிய பழுது அதில் மறைந்துவிடும். கதிர் பட்ட சில மணி நேரத்துக்குள் அங்கேயே அளந்துவிடுங்கள். ரயிலேறி ராமநாதபுரம் வந்து அளந்தால், அறை வெப்பத்தில் ஆறிய டயோடைத்தான் அளப்பீர்கள்.

நம் கடற்கரையில் இன்னொரு பிசகு உண்டு. இருள் மின்னோட்டம் நானோ ஆம்பியர் அளவுதான். உப்புக்காற்று பட்ட டயோடு கால்களுக்கு இடையே ஈரப் படலம் படிந்தால் அந்த அளவுக்குக் கசிவு வரும். சிலிக்கா ஜெல் டப்பாவில் வையுங்கள். அளக்குமுன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலர்த்துங்கள். ஒப்பீட்டு டயோடு இரண்டையும் கூடவே கொண்டுபோய்க் கொண்டுவாருங்கள். அவற்றிலும் மின்னோட்டம் ஏறியிருந்தால், அது உப்பின் வேலை.