வாசகர் கேள்வி பதில்: இடம் மாறிய சந்தைக்கு யார் வரைபடம் போடுவது?

கேள்வி: வேறு இடத்துக்கு மாற்றப்பட்ட ஒரு சந்தையின் மக்களுக்குக் குரல் கொடுக்கும் பொதுக் கட்டடம், இதுதான் என் இறுதியாண்டு வடிவமைப்பு. நினைவுச் சுவர், கதை சொல்லும் அரங்கம், பழைய படங்களின் காட்சிக்கூடம் என்று வரைந்தேன். வழிகாட்டி ‘இது போதாது’ என்கிறார். என்ன குறைகிறது?
(கட்டடக்கலை மாணவி)

பதில்: உங்கள் வழிகாட்டியை எனக்குப் பிடித்துவிட்டது. நினைவுச் சுவரும் காட்சிக்கூடமும் சந்தை செத்துப்போனது என்று முடிவுகட்டிய பிறகு வைப்பவை. அந்த மக்களோ நாளைக் காலையில் எங்கே கடை போடுவது என்ற கவலையில் இருக்கிறார்கள். யார் பக்கத்தில் யார் உட்காருவது, சரக்கு எந்த வழியாக உள்ளே வருவது, கதவை எத்தனை மணிக்குத் திறப்பது, ராத்திரி மூட்டையை எங்கே வைத்துப் பூட்டுவது, இதிலெல்லாம் அவர்கள் சொன்னது நடந்திருந்தால் அந்தக் கட்டடத்தில் அவர்கள் குரல் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் தெரு வியாபாரிகள் நிறைந்த வார்விக் சந்திப்பு என்ற இடத்தைப் பற்றிப் படியுங்கள். நிறவெறி ஆட்சி முடிந்தபின், 1990களின் பிற்பகுதியில், நகராட்சி அங்கேயே ஓர் அலுவலகம் போட்டு ஒவ்வொரு தொழில்காரரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசியது. கட்டி முடிக்காமல் அந்தரத்தில் நின்ற நெடுஞ்சாலை மேம்பாலத் துண்டுகளைப் பாலத்தால் இணைத்து, நடைபாதையில் மூலிகை விற்றவர்களுக்குச் சந்தையாக்கினார்கள். மாட்டுத்தலை சமைத்து விற்பவர்களுக்கு வேறு தேவை, தண்ணீரும் கழிவு போக வழியும். அவர்களுக்குத் தனி இடம். ‘வியாபாரிகள்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டாததுதான் அங்கே நடந்த நல்ல காரியம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே வார்விக்கில் 1910இலிருந்து இருக்கும் அதிகாலைச் சந்தையை அகற்றி வணிக வளாகம் கட்ட 2009இல் அதே நகராட்சி கிளம்பியது, உலகக் கோப்பைக் கால்பந்து வருகிறதே! வியாபாரிகள் தெருவிலும் நீதிமன்றத்திலும் நின்று போராடி அதை நிறுத்தினார்கள். ஆகவே உங்கள் வரைபடத்தில் சங்கம் கூடிப் பேசவும் கணக்குப் பார்க்கவும் ஓர் அறை வையுங்கள். அதன் சாவி அவர்களிடமே இருக்கட்டும்.

அப்புறம், வரைவதற்கு முன்னால் முதல் லாரி வருவதிலிருந்து கடைசியாகத் தரையைப் பெருக்குவது வரை அங்கேயே இருந்து பாருங்கள். ஒருவர் கழிப்பறைக்குப் போனால் அவர் கடையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், சில்லறை இல்லையென்றால் யாரிடம் வாங்குகிறார்கள், குழந்தை யார் கடையில் தூங்குகிறது என்று குறித்தாலே பாதி வரைபடம் தானாக வந்துவிடும்.

கேள்வி: எங்கள் சந்தையை இடித்து அடுக்குமாடியாகக் கட்டப்போகிறார்கள். யாருக்கு எந்த மாடி என்பது குலுக்கலில். என்ன கேட்பது?
(காய்கறி வியாபாரியின் மகன்)

பதில்: தரைத்தளம் கேளுங்கள். மாடியேறி வந்து அரைக்கிலோ வாங்குபவர்கள் குறைவு, மாடியில் துணியோ தையலோ ஓடலாம், அழுகும் சரக்கு ஓடாது. குலுக்கல்தான் என்றால் ஆளுக்கு ஆள் குலுக்காமல், சேர்ந்து இருக்க விரும்பும் கடைகளைக் குழுவாக எழுதிக்கொடுத்துக் குழுக்களைக் குலுக்கச் சொல்லுங்கள். கட்டுமானம் முடியும்வரை தற்காலிகச் சந்தையைப் பக்கத்திலேயே கேளுங்கள், தூரமாகப் போனால் வாடிக்கையாளர்கள் வேறு கடை பழகிவிடுவார்கள். பயனாளிகள் பட்டியல் தயாராகும்போது உரிமம் இல்லாத தரைக்கடைக்காரர்களும் சுமை தூக்குபவர்களும் அதில் இருக்கிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்க மாட்டார்கள்.

கேள்வி: சியோல் போயிருந்தேன். தொங்டேமுன் வடிவமைப்பு வளாகம் அசத்தல்! பழைய சந்தை இருந்த இடத்தில் அப்படி ஒரு கட்டடம் வந்தால் அந்தச் சந்தைக்கும் பெருமைதானே?
(சுற்றுலா போய் வந்தவர்)

பதில்: எனக்கும் பிடித்த கட்டடம்தான், ஜஹா ஹதீத் வடிவமைத்து 2014இல் திறந்தது. ஆனால் அது நிற்கும் நிலத்தின் கதையைக் கேளுங்கள். 2003இல், சாலைக்கு அடியில் மூடிக்கிடந்த சோங்கேசோன் ஓடையை மீட்கும் வேலை தொடங்கியபோது அங்கிருந்து எழுப்பப்பட்ட தெரு வியாபாரிகளைப் பழைய தொங்டேமுன் விளையாட்டரங்கத்துக்குள் அனுப்பினார்கள். அவர்கள் ஒருவழியாக வேரூன்றும் நேரத்தில் இந்த வளாகத்துக்காக அரங்கத்தையே இடிக்க முடிவானது, 2008இல் அவர்கள் மறுபடி மூட்டை கட்டிக்கொண்டு வேறொரு சந்தைக்குப் போனார்கள். ஓடையோரக் கடைக்காரர்களுக்கென்று நகரின் தென்கிழக்கில் ‘கார்டன் ஃபைவ்’ என்று பிரமாண்டமாக ஒன்றைக் கட்டினார்கள், விலை கட்டுப்படியாகாமல் பலர் அங்கே போகவே இல்லை. 5.8 கிலோமீட்டர் ஓடை இன்று அழகாகத்தான் இருக்கிறது, நானும் குறை சொல்ல மாட்டேன். பெருமை அந்த நகரத்துக்கு. அலைச்சல் மட்டும் வியாபாரிகளுக்கு.

கேள்வி: பழைய சந்தைக் கட்டடத்தையாவது காப்பாற்றினால் போதாதா?
(மரபு ஆர்வலர்)

பதில்: கட்டடத்துக்குப் போதும். லண்டனின் கோவன்ட் கார்டன் காய்கறி மொத்த விற்பனைச் சந்தை 1974இல் வேறிடம் போனது, கட்டடம் தப்பித்து இன்று கடைகளும் உணவகங்களுமாக ஜொலிக்கிறது, காய்கறி மூட்டையைத்தான் காணோம். பாரிஸின் லே ஆல் சந்தை 1969இல் ருன்ஜிஸுக்குப் போனபின் இரும்புக் கூடங்களையும் இடித்துவிட்டார்கள். பாரிஸைவிட லண்டன் மேல், அவ்வளவுதான்.

கேள்வி: வியாபாரிகளிடம் கருத்துக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், வேலை ஓடாது. நடைமுறை தெரியாமல் எழுதுகிறீர்கள்.
(ஓய்வுபெற்ற பொறியாளர்)

பதில்: ஆளுக்கு ஒன்றுதான் சொல்வார்கள் சார், தொழில் ஆளுக்கு ஒன்றாக இருக்கிறதே. வரைபடத்தைக் காட்டிக் கேட்டால் யாருக்கும் புரியாது, எனக்கே பாதிதான் புரியும். காலி மைதானத்தில் சுண்ணாம்பால் கடைகளை முழு அளவில் கோடு போட்டு, தராசும் கூடையும் தள்ளுவண்டியுமாக அரைநாள் உட்காரச் சொல்லுங்கள். எங்கே முட்டுகிறது, எங்கே வண்டி திரும்பவில்லை என்பது மதியத்துக்குள் தெரிந்துவிடும். டோக்கியோவின் ட்சுகிஜி மீன் சந்தை 2018இல் டொயோசுவுக்கு மாறியது. அந்தப் புதுக் கட்டடத்தில் கடை குறுகலாக இருக்கிறது, பெரிய மீனை வெட்டக் கை நீட்ட முடியவில்லை என்று புகார் வந்தது, அதுவும் அவ்வளவு செலவு செய்து கட்டிய பிறகு. சுண்ணாம்பு மலிவு. ஒன்றே ஒன்று, இந்தக் கூட்டத்தை வியாபார நேரத்தில் வைத்துவிடாதீர்கள்; கடையை விட்டு யாரும் வர மாட்டார்கள், ‘ஆட்சேபணை எதுவும் வரவில்லை’ என்று கோப்பில் எழுதிவிடுவார்கள்.