கூலிங் கிளாஸைக் கழற்றச் சொல்லுங்கள்

அன்புள்ள சார்,

பாளையங்கோட்டையில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இளைஞர்களுக்கான ராக் இசைப் பத்திரிகை ஒன்றைக் கற்பனை செய்து அதன் அட்டையை வடிவமைப்பது எங்களுக்கு ப்ராஜெக்ட். எங்கள் கல்லூரி பேண்டையே அட்டையில் போட்டேன். கிட்டார், டிரம்ஸுடன் மகுடம் என்கிற நம்மூர்த் தோல் வாத்தியமும் அடிப்பார்கள். கிட்டார் வாசிப்பவள் என் தோழி. கறுப்புப் பின்னணி, ஒரு மண்டையோடு, கண்ணாடி உடைந்த மாதிரி ஆங்கில எழுத்து, நடுவில் கூலிங் கிளாஸ் போட்ட பாடகர், சுற்றிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் ஒன்பது கவர் லைன். கெராங், ரோலிங் ஸ்டோன் என்ற வெளிநாட்டு ராக் பத்திரிகைகளின் அட்டைகளைப் பார்த்துத்தான் செய்தேன். "நல்லாத்தான் இருக்கு, ஆனா இதை இங்க யாரு கையில எடுப்பா?" என்று ஆசிரியர் கேட்டுவிட்டார். அந்த அட்டைகள் இளைஞர்களை எப்படி இழுக்கின்றன? கறுப்பும் மண்டையோடும் இல்லாவிட்டால் ராக் பத்திரிகை என்று தெரியுமா? படத்தை இணைத்திருக்கிறேன்.

எஸ்., பாளையங்கோட்டை

அன்புள்ள எஸ்.,

உங்கள் அட்டையைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்தேன். எழுத்தில் விழுந்த விரிசல் ஒவ்வொன்றிலும் உழைப்பு தெரிகிறது. ஆனால் உங்கள் ஆசிரியர் கேட்டதுதான் முக்கியமான கேள்வி. ராக் பத்திரிகையின் அட்டை எல்லாரையும் கூப்பிடுவதற்காகச் செய்யப்படுவதில்லை. கடை முன்னால் நிற்கும் பத்துப் பேரில் ஒருவனையோ ஒருத்தியையோ பிரித்தெடுத்து, "நீ எங்க ஆளு" என்று சொல்ல வேண்டும். மற்ற ஒன்பது பேர் முகம் சுளித்தால் அந்த ஒருவருக்கு இன்னும் சந்தோஷம். பதினெட்டு வயதில் நாம் காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் அந்தச் சந்தோஷத்தைத்தான்.

ரோலிங் ஸ்டோன் முதல் இதழ் 1967 நவம்பர் 9 தேதியிட்டு சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வந்தது. அட்டையில் ஒரு சினிமாவுக்காக ராணுவ ஹெல்மெட் மாட்டிய பீட்டில்ஸ் பாடகர் ஜான் லென்னன். பத்திரிகையின் பெயரை எழுதியவர் ரிக் கிரிஃபின். அந்த ஊரில் நடக்கும் ராக் கச்சேரிகளுக்குப் போஸ்டர் வரைந்துகொண்டிருந்த ஓவியர் அவர். கச்சேரிக்குப் போகிற பிள்ளைகளுக்கு அந்த நெளியும் எழுத்து ஏற்கெனவே பழக்கம். புதுப் பத்திரிகை அவர்களுக்குத் தெரிந்த கையெழுத்தில் வந்தது.

கெராங் 1981 ஜூனில் சவுண்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் வார இதழின் சிறப்பு வெளியீடாகத் தொடங்கியது. முதல் அட்டையில் ஏசி/டிசி என்ற ராக் குழுவின் கிட்டார் கலைஞர் ஆங்கஸ் யங். கிட்டார் கம்பிகளை ஓங்கி அடித்தால் வரும் சத்தம்தான் அதன் பெயர். எழுத்து விரிசல் விட்டிருப்பது அந்தச் சத்தத்துக்குப் பொருந்துகிறது. நீங்கள் விரிசலை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். உங்கள் பேண்டின் சத்தத்தில் பாதி மகுடம். கோயில் கொடையில் நடக்கும் கணியான் கூத்தில் அதைக் கேட்டு வளர்ந்த ஊர் நம்முடையது. அந்த அடிக்கு எந்த எழுத்து பொருந்தும்? என்னைக் கேட்டால், நம்மூர்ச் சுவர்களில் தட்டைத் தூரிகையால் எழுதுகிற ஓவியர் ஒருவரிடம் போய், பத்திரிகையின் பெயரைத் தமிழில் எழுதி வாங்கி ஸ்கேன் செய்வேன். எந்த ஃபான்டிலும் அந்தத் தடிமன் கிடைக்காது.

இப்போது அந்தக் கூலிங் கிளாஸ். உங்கள் அட்டையில் என்னை அதிகம் உறுத்தியது அதுதான். இவ்வகை அட்டைகளைப் பத்துப் பதினைந்து வரிசையாக வைத்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் முகம் நெஞ்சளவில் இருக்கும், கண் நேராகக் கேமராவைப் பார்க்கும். கடையைக் கடந்து போகிறவனை அந்தக் கண் நிறுத்துகிறது. "ஏல, ஒன்னத்தான்" என்று அது கூப்பிட வேண்டும். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அப்படிக் கூப்பிட எல்லாராலும் முடியாது. உலகத்துக்கே தெரிந்த நட்சத்திரம் கண்ணை மறைத்துக்கொள்ளலாம், அவரை அப்போதும் அடையாளம் தெரியும். உங்கள் பாடகரைக் கல்லூரி வாசலுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. அவருக்குக் கண் வேண்டும்.

முகம் தெரிந்தவருடையதாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்மூர்க் கோயில் கொடைக்கு வைக்கும் ஃப்ளெக்ஸைப் பாருங்கள். இளைஞர் அணி என்று வரிசையாக அத்தனை பையன்களின் படமும் இருக்கும். அழகு என்று சொல்ல முடியாது. ஆனாலும் பைக்கை நிறுத்தி, கூட்டாளி எங்கே இருக்கிறான் என்று தேடாமல் யாரும் போவதில்லை. பத்திரிகை அட்டை அந்தத் தேடலை ஒரே முகத்தில் உண்டாக்க வேண்டும்.

அந்த முகம் உங்கள் தோழியுடையதாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். ராக் பத்திரிகை அட்டைகளில் பல ஆண்டுகளாக ஆண் முகங்களே நிறைந்திருந்தன. கிட்டாரோடு நம்மூர்ப் பெண் ஒருத்தி நேராகப் பார்க்கிற அட்டையை நான் கடையில் கண்டதேயில்லை. பாளையில் அதை எடுத்துப் பார்க்க எத்தனையோ பேர் இருப்பார்கள்.

கண் நம்மைப் பார்க்காத பெரிய அட்டையும் உண்டு. 1980 டிசம்பர் 8 அன்று புகைப்படக் கலைஞர் ஆனி லீபோவிட்ஸ் எடுத்த படத்தில் லென்னன் உடையின்றி மனைவி யோகோ ஓனோவைக் கட்டிக்கொண்டு கிடக்கிறார். அன்று இரவே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1981 ஜனவரி 22 இதழில் ரோலிங் ஸ்டோன் அந்தப் படத்தை ஒரு கவர் லைனும் இல்லாமல் வெளியிட்டது. அந்த மௌனம் அந்த வாரத்துக்கு உரியது. ப்ராஜெக்ட்டில் அதைப் போலச் செய்துவிடாதீர்கள்.

இளைஞர்களுக்குத் தங்களிடம் ஏதோ விற்கிறார்கள் என்பது உடனே தெரிந்துவிடும். ராக் அட்டையின் மிகப் பெரிய சிக்கல் இது. 1992 ஏப்ரலில் நிர்வாணா என்ற ராக் குழுவை ரோலிங் ஸ்டோன் அட்டையில் போட்டது. கம்பெனிப் பத்திரிகைகள் இன்னும் மட்டமாகத்தான் இருக்கின்றன என்கிற வாசகத்தைத் தன் கையால் எழுதிய டி-ஷர்ட்டோடு வந்து நின்றார் அதன் பாடகர் கர்ட் கோபேன். பத்திரிகை அதை அப்படியே அச்சிட்டது. என் கணிப்பில் அது துணிச்சலும் வியாபாரமும் சேர்ந்த முடிவு. வாங்கியவன் தான் கோபேன் பக்கம் நிற்பதாக உணர்ந்திருப்பான். உங்கள் மண்டையோடு இதைச் செய்யவில்லை. அது யாரையும் எதிர்க்கவில்லை, சும்மா இருக்கிறது. எடுத்துவிடுங்கள். கிட்டாரும் மகுடமும் ஒரே படத்தில் இருந்தாலே ராக் என்று தெரியும், நெல்லை என்றும் தெரியும்.

ஒன்பது கவர் லைன் அதிகம் என்று சிலர் சொல்லக்கூடும். நான் சொல்ல மாட்டேன். 1990-களின் பிற்பகுதியில் ஈமாப் என்ற ஒரே பிரிட்டிஷ் நிறுவனம் கெராங், மோஜோ இரண்டையும் வெளியிட்டது. பழைய பீட்டில்ஸ், டிலன் ரசிகர்களுக்கான மோஜோ அட்டையில் ஒரு பெரிய முகம் ஆட்சி செய்யும். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கான கெராங்கில் குழுப் பெயர்கள், சின்னப் படங்கள், உள்ளே இருக்கிற போஸ்டருக்கு விளம்பரம், ஆச்சரியக்குறிகள் என்று இடமே இருக்காது. கைச்செலவுக் காசில் வாங்குகிறவனுக்கு நிறையக் கிடைக்கிறது என்று தெரிய வேண்டும். ஆகவே நெரிசல் இருக்கட்டும், வார்த்தைகளை மாற்றுங்கள். "இசை உலகின் ரகசியங்கள்", "வெற்றிக்கு வழி" என்றெல்லாம் போட்டிருக்கிறீர்கள். இவை எந்த ஊரிலும் எந்த வருடத்திலும் போடக்கூடியவை. "மகுடத்துக்கு மைக் வைப்பது எப்படி", "டவுனில் பழைய கிட்டார் வாங்கப் போனோம்" என்று எழுதிப் பாருங்கள். 1976-ல் என்எம்இ என்ற பிரிட்டிஷ் இசை வார இதழ் இளம் வாசகர்களைப் பிடிக்க இளம் எழுத்தாளர்களைத் தேடி விளம்பரம் கொடுத்தது. அதில் வேலைக்குச் சேர்ந்த ஜூலி பர்ச்சில்லுக்கு அப்போது 17 வயது. நீங்களும் ஏறத்தாழ அந்த வயதில்தான் இருக்கிறீர்கள். உங்கள் வகுப்பில் பேசுகிற மாதிரியே கவர் லைனை எழுதுங்கள்.

இடம் பற்றி ஒன்று. பிரிட்டிஷ் கடை அடுக்குகளில் இதழ்கள் ஒன்றை ஒன்று மறைத்தபடி நிற்கும். மேல்விளிம்பும் இடது ஓரமும்தான் வெளியே தெரியும் என்பதால் முக்கியமானவை அங்கே போயின. நம் பெட்டிக்கடையில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும். இன்றைக்கு அதைவிட போன் திரைதான் கடை. என்எம்இ வாராவாரம் அச்சில் வருவது 2018-ல் நின்றது, க்யூ என்ற இன்னொரு பிரிட்டிஷ் இசை இதழ் 2020-ல் மூடப்பட்டது. அதனால் அட்டையைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். பெயரும் கண்ணும் தெரிந்தால் போதும்.

கறுப்புப் பின்னணி வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. அச்சுக்குக் கொடுக்கும்போது கறுப்பு மையை மட்டும் நம்பினால் வெளிறிப்போகும். கூடக் கொஞ்சம் சயான் என்கிற நீல மை சேர்க்கச் சொல்லுங்கள். புது அட்டை தயாரானதும் அனுப்புங்கள். உங்கள் தோழி சம்மதித்தால் இங்கேயே போடுகிறேன்.

அன்புடன்.