புதுச் சீமெந்து நிலத்தில் ரைல்ஸ்: எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?

கேள்வி: கோண்டாவிலில் வீட்டு வேலை முடியும் தறுவாயில் இருக்கிறது. கீழ்மாடிக் கொங்கிறீற்றின் மேல் 2 அங்குலத்துக்குச் சீமெந்துக் கலவை போட்டு மட்டம் எடுத்துப் பத்து நாள். முதல் ஏழு நாளும் தண்ணீர் விட்டோம். 2 அடிக்கு 2 அடிப் போசிலின் ரைல்ஸும் வந்து இறங்கிவிட்டது. "நிலம் நல்லா இறுகிட்டுது, நாளைக்கே தொடங்கலாம்" என்கிறார் மேசன். நோர்வேயில் இருக்கும் தம்பியோ, அங்கே பல கிழமை பொறுத்து, நிலத்தைச் சூடாக்கிப் பார்த்த பிறகுதான் பதிப்பார்கள் என்கிறான். அடுத்த மாதம் குடிபூரல். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: நிலம் இறுகியது உண்மைதான். ஆனால் நாங்கள் பொறுப்பது இறுகுவதற்காக அல்ல, சுருங்கி முடிவதற்காக. கலவையில் மிஞ்சிய தண்ணீர் வெளியேற வெளியேற நிலம் சுருங்கும். 15 அடி அறையில் இது 2 மில்லிமீற்றருக்கு மேல் வரலாம். போசிலின் ரைல் சுருங்காது. ஒட்டிய ரைல்களைக் கீழே இருக்கும் நிலம் நாலா பக்கமும் நெருக்கினால், ஒருநாள் நடுக்கூடத்தில் இரண்டு வரிசை 'படார்' என்று கிளம்பி நிற்கும். பதித்து ஓராண்டு கழித்துக்கூட இது நடக்கும். அப்போது பழி ரைல்ஸ் கடைக்காரர் மேல் விழும்.

தம்பி சொல்வது சூடாக்கும் குழாய் புதைத்த நிலத்துக்கான விதி. ஐரோப்பிய நியமம் 1264 இன்படி, சீமெந்துக் கலவை போட்டு 21 நாள் கழித்தே முதற் சூடு. முதல் 3 நாள் 20 முதல் 25 பாகை, அடுத்த 4 நாள் குழாய்க்கு வகுத்த உச்ச வெப்பம், பிறகு ஆறவிடுதல். வெடிக்க வேண்டிய வெடிப்பு ரைல் ஒட்டுமுன் வெடித்துவிடட்டும் என்பதே நோக்கம். யாழ்ப்பாணத்தில் வீட்டுக்குள் அந்தக் குழாய்க்கு வேலை இல்லை. ஆனாலும் சுருக்கக் கணக்கு இரண்டு ஊருக்கும் ஒன்றுதான்.

உங்கள் நிலத்துக்கு நாள் எண்ணுவது தண்ணீர் விடுவதை நிறுத்திய அன்றிலிருந்து. அதிலிருந்து குறைந்தது 3 கிழமை, அதாவது கலவை போட்டு 28 நாள். 2 அங்குலத் தடிப்பு என்பதால் 6 கிழமை விட்டால் எனக்குத் திருப்தி. சோழகக் காற்றில் சன்னல் திறந்திருந்தால் விரைவாகக் காயும். மாரியில் கிணறு மேலே வந்து நிற்கும் நாட்களில், அதுவும் கொங்கிறீற்றுக்கு அடியில் பொலித்தீன் விரிக்காத வீடென்றால், நாட்காட்டியை நம்ப வேண்டாம். ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை நிலத்தில் விரித்து நான்கு விளிம்பையும் ரேப் ஒட்டி ஒரு இரவு விடுங்கள். காலையில் அடியில் வியர்த்திருந்தாலோ நிலம் கறுத்திருந்தாலோ இன்னும் ஈரம் இருக்கிறது.

மணலையும் விசாரியுங்கள். மணற்காட்டுப் பக்கத்து மெல்லிய மணல் தண்ணீரை அதிகம் கேட்கும், அதனால் சுருக்கமும் கூடும். மணலிலோ கலவைக்கு விட்ட கிணற்றுத் தண்ணீரிலோ உவர் இருந்தால், பிறகு ரைல் இடுக்குகளில் வெள்ளையாக உப்புப் பூக்கும். ஆணியால் நிலத்தை அழுத்திக் கீறிப் பாருங்கள். மணலாக உதிர்ந்தால் அந்த இடத்தைக் கொத்தி எடுத்துத் திரும்பப் போடுவதுதான் வழி. மேலே சீமெந்துப் பால் ஊற்றி வழுவழுப்பாக மெழுகியிருந்தால் அதையும் சுரண்டிச் சொரசொரப்பாக்க வேண்டும்.

மேசன்மாரோடு அதிகம் தர்க்கப்பட வேண்டிய இடம் ஒட்டும் முறை. ரைலின் நான்கு மூலையிலும் நடுவிலும் வெறுஞ் சீமெந்துக் கட்டி வைத்து அமத்துவது கூடாது. இடையில் வெற்றிடம் விழும். கனமான பாத்திரம் விழுந்தால் அங்கேதான் உடையும். தண்ணீரில் ஊறப் போடுவதும் பழைய செரமிக் ரைலுக்கான பழக்கம். போசிலின் தண்ணீர் குடிக்காது. பின்புறத்தைத் தடவிப் பார்த்தால் விரலில் வெள்ளைத் தூள் ஒட்டும். ஈரத் துணியால் அதைத் துடைத்து எடுக்காவிட்டால் பசை அந்தத் தூளில்தான் ஒட்டும், ரைலில் அல்ல.

பையில் 'சி2 எஸ்1' என்று போட்ட ரைல் பசை வாங்குங்கள். 'சி2' என்றால் கூடுதல் பிடிப்புள்ள சீமெந்துப் பசை, 'எஸ்1' என்றால் சற்று வளைந்து கொடுக்கும். 100 சதுர அடிக்கு 25 கிலோப் பை இரண்டு கணக்கு. நிலத்தில் 10 மில்லிமீற்றர் பல் வெட்டிய தகட்டால் ஒரே திசையில் இழுத்து, ரைலின் பின்னாலும் மெல்லியதாகப் பூச வேண்டும். காற்றடிக்கும் நாளில் ஒரு தடவைக்கு மூன்று நான்கு ரைலுக்கு மேல் விரிக்கக் கூடாது. தொட்டால் விரலில் ஒட்டாத பசை செத்துப்போன பசை, சுரண்டி எறியுங்கள். தண்ணீர் விட்டுக் குழைத்து மீட்க முடியாது. இடைக்கிடை ஒரு ரைலைக் கிளப்பிப் பின்புறம் முழுக்கப் பசை பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இடுக்கே தெரியாமல் முட்டி முட்டிப் பதிப்பது இப்போது ஒரு மோகம். செய்யாதீர்கள். 2 அல்லது 3 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். சுவரோரம் சுற்றிவர 8 மில்லிமீற்றர் வெறுமையாக விடுங்கள், சுவரடி ரைல் அதை மறைத்துவிடும். நீண்ட கூடத்தில் 20 முதல் 25 அடிக்கு ஒரு இடுக்கைச் சிலிக்கனால் நிரப்ப வேண்டும். நிலக் கலவையில் ஏற்கெனவே வெட்டு விட்டிருந்தால் அதற்கு நேர்மேலேயே இந்த இடுக்கு வரவேண்டும். மொட்டைமாடிக்கும் ரைல்ஸ் யோசித்தால், உங்கள் தம்பியின் சூட்டு நிலம் அங்கேதான் இருக்கிறது. நண்பகலுக்கும் இரவுக்கும் 30 பாகை வித்தியாசம் வந்தால் 20 அடித் தளம் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் நீண்டு சுருங்கும். அங்கே 8 முதல் 12 அடிக்கு ஒரு சிலிக்கன் இடுக்கு வேண்டும்.

நாள் வைத்தாயிற்று என்றால் குடிபூரலைத் தள்ள வேண்டியதில்லை. குசினியில் சீமெந்து நிலத்திலேயே பால் காய்ச்சலாம். தளபாடங்களை மட்டும் பழைய வீட்டிலேயே விட்டுவைத்து, பிறகு அறை அறையாகப் பதியுங்கள். பதித்து 24 மணித்தியாலம் கழிய இடுக்கு நிரப்பலாம். அலுமாரி ஏற்ற 7 நாள் ஆகட்டும்.