டாக்கில் மானிட்டர் ஓடவில்லை. விற்றவர்மேல் வழக்குப் போடலாமா?

கேள்வி: எங்கள் கட்டட வரைபட அலுவலகத்தில் உள்ள 14 லேப்டாப்களிலும் தலா இரண்டு மானிட்டர்களை இணைப்பதற்காக, ஒரு விற்பனையாளரிடம் 28 மானிட்டர்களும் 14 யூஎஸ்பி-சி டாக்குகளும் (மானிட்டர், மௌஸ், கீபோர்டு, சார்ஜர் எல்லாவற்றையும் ஒரே கேபிளால் லேப்டாப்புடன் இணைக்கும் பெட்டிகள்) வாங்கினோம். 5 மேசைகளில் எல்லாம் சரியாக இருக்கிறது. மற்ற 9 மேசைகளில் டாக்கைச் செருகினால் சார்ஜ் ஏறுகிறது, மௌஸும் கீபோர்டும் இயங்குகின்றன, திரைகள் மட்டும் கருப்பாகவே இருக்கின்றன. விற்பனையாளர் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் எங்கள் ஊழியர்களை அவமதித்துப் பேசுகிறார். பாதித் தொகையை இன்னும் கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டு, பணத்தையும் மன உளைச்சலுக்கு இழப்பீட்டையும் கேட்டு வழக்குத் தொடரலாமா?

பதில்: உங்கள் நீண்ட கடிதத்தின் பெரும்பகுதி விற்பனையாளரின் நடத்தையைப் பற்றியது. அவர் போனை எடுக்காததும் மரியாதையில்லாமல் பேசியதும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வணிகத்துக்காகச் செய்த கொள்முதல் ஒன்றில் அவற்றுக்கு இழப்பீடு கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். கடிதத்தின் கடைசிப் பத்தியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஆர்டர் கொடுப்பதற்கு முன் லேப்டாப் மாடல்களின் பட்டியலை அனுப்பி, ஒவ்வொன்றிலும் இரண்டு திரை ஓடுமா என்று மெசேஜில் கேட்டதாகவும், “யூஎஸ்பி-சி இருந்தால் போதும், ஓடும்” என்று அவர் பதில் அனுப்பியதாகவும் அந்த வரி சொல்கிறது. உங்கள் வழக்கு முழுவதும் அந்த ஒரு பதிலில்தான் இருக்கிறது.

காரணம் இதுதான். யூஎஸ்பி-சி என்பது செருகுவாயின் வடிவத்துக்கு உள்ள பெயர் மட்டுமே. அதன் வழியே படம் செல்ல வேண்டுமானால், 2014-இல் அறிவிக்கப்பட்ட டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் போன்ற வசதியை லேப்டாப் தயாரிப்பாளர் அந்தப் போர்ட்டில் சேர்த்திருக்க வேண்டும். அது கட்டாயமன்று, அவருடைய விருப்பம். உங்கள் 9 லேப்டாப்களின் போர்ட்டுகள் மின்சாரத்தையும் தரவையும் மட்டும் கடத்துபவை என்றே தோன்றுகிறது. அப்படியானால் டாக்கிலும் பழுதில்லை, மானிட்டரிலும் பழுதில்லை, லேப்டாப்பிலும் பழுதில்லை.

என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். கோபத்தில், “பழுதான பொருளை விற்று ஏமாற்றினார்” என்று நோட்டீஸ் அனுப்பிவிடுகிறார்கள். இதே போன்ற ஒரு வழக்கில், பொருளைச் சோதிக்கும் நாளன்று எதிர்த்தரப்பின் தொழில்நுட்ப வல்லுநர் தம் பையிலிருந்து வேறொரு லேப்டாப்பை எடுத்து, என் கட்சிக்காரர் பழுது என்று சொன்ன அதே டாக்கை, அதே கேபிளால், அதே மானிட்டர்களுடன் இணைத்தார். சில நொடிகளில் இரண்டு திரைகளும் ஒளிர்ந்தன. பழுது என்று தொடங்கிய வழக்கு அன்றே முடிந்தது. தேவையைச் சொல்லித்தான் வாங்கினோம் என்ற நல்ல வாதத்தைப் பிறகு எடுத்துவைத்தபோது, அது பின்னால் ஜோடித்த கதையாகவே பார்க்கப்பட்டது. உங்களுக்கோ எதிர்த்தரப்பு வல்லுநர்கூடத் தேவையில்லை. சரியாக ஓடும் 5 மேசைகளே விற்பனையாளரின் சாட்சி.

ஆகவே உங்கள் வாதம் பழுது பற்றியதாக இருக்கக் கூடாது. வாங்குபவர் தம் தேவையைத் தெரிவித்து, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்பது சரக்கு விற்பனைச் சட்டங்கள் பலவற்றில் உள்ள நிபந்தனை. “நம்பி” என்ற சொல்லைக் கவனியுங்கள். “எங்கள் லேப்டாப்கள் சில பழையவை என்று தெரிந்துதான் வாங்கினோம், இருந்தாலும்” என்று கடந்த வாரம் அவருக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறீர்கள். நியாயமாக நடந்துகொள்ளும் எண்ணத்தில் எழுதியிருப்பீர்கள். ஆனால் நீங்கள் அவரை நம்பி வாங்கவில்லை என்று காட்ட அவருக்கு அந்த வரியே போதும். இனி வழக்கறிஞரிடம் காட்டாமல் ஒரு வரிகூட அனுப்பாதீர்கள். அந்த மெசேஜ் இருக்கும் போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதுமென்று இருந்துவிட்டு, மூலத்தைக் கேட்டபோது கையைப் பிசைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஓடும் மேசையிலிருந்து டாக்கையும் கேபிளையும் சேர்த்து எடுத்து, ஓடாத லேப்டாப் ஒவ்வொன்றிலும் செருகிப் பார்த்து, வீடியோ எடுத்து வையுங்கள். சார்ஜ் செய்வதற்கென்று வரும் யூஎஸ்பி-சி கேபிள்கள் பல 480 மெகாபிட் வேகத் தரவை மட்டுமே கடத்தும், படத்தைக் கடத்தா. கோளாறு கேபிளில்தான் என்றால் இத்தனை சண்டைக்கும் அவசியமில்லை.

மானிட்டர்களுக்கான பாக்கியை நிறுத்தி வைப்பதும் ஆபத்து. எச்டிஎம்ஐ வழியாக அவை ஓடுகின்றன, 5 மேசைகளில் தினமும் பயன்படுத்துகிறீர்கள். பயன்படுத்திக்கொண்டே பணம் தராமல் இருந்தால், ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். அவர் வட்டியோடு எதிர்வழக்குப் போடுவார். தகராறு 9 டாக்குகளைப் பற்றியது மட்டுமே.

ஒன்பது டாக்குகளுக்காக நீதிமன்றம் செல்லாதீர்கள், சமரசம் செய்துகொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை. அந்த 9 டாக்குகளையும் திரும்பப் பெற்றுக்கொண்டு டிஸ்ப்ளேலிங்க் வகை டாக்குகளைத் தரும்படி கேளுங்கள். விலை வித்தியாசத்தில் பாதியை நீங்கள் ஏற்றாலும் நஷ்டமில்லை. அவை ஆல்ட் மோட் இல்லாத போர்ட்டிலும் ஓடும். டிரைவர் மென்பொருள் திரையின் படத்தைச் சுருக்கிச் சாதாரணத் தரவாக அனுப்ப, டாக்கில் உள்ள சிப் அதை மீண்டும் படமாக்கும். 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கப்படும் வேகத்தில், ஓடும் ஒரு முழு எச்டி திரைக்குச் சுருக்காத நிலையில் நொடிக்கு ஏறத்தாழ 3 கிகாபிட் தேவை, யூஎஸ்பி 3.0-இன் மொத்த வேகமே 5 கிகாபிட்தான் என்பதால், இரண்டு திரைகளுக்குச் சுருக்காமல் வழியில்லை. அந்தச் சுருக்கும் வேலை லேப்டாப் பிராசசரின்மேல் விழும். கடிதம் தட்டச்சு செய்பவருக்கு அது தெரியாது; முப்பரிமாண வரைபடத்தைச் சுழற்றிப் பார்க்கும் உங்கள் ஊழியர்களுக்குத் தெரியலாம்.

இதனால், “கணக்கு முழுமையாகத் தீர்ந்தது” என்ற தாளில் முதலில் கையெழுத்திடாதீர்கள். இரண்டு திரைகளும் தனித்தனிப் படத்துடன், அவற்றின் முழு ரெசல்யூஷனில், 60 ஹெர்ட்ஸில், நீங்கள் பயன்படுத்தும் வரைபட மென்பொருளோடு, 9 மேசைகளிலும் இரண்டு வாரம் ஓட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். “4கே ஆதரவு” என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்ட ஒருவருக்கு 30 ஹெர்ட்ஸில் மட்டும் ஓடும் டாக் வந்து சேர்ந்தது. மௌஸ் அம்பு இழுத்து இழுத்து நகர்ந்தது, எழுதியபடி பார்த்தால் விற்பனையாளர் சொன்ன சொல் தவறவில்லை.

மானிட்டர் பாக்கியை இந்த வாரமே செலுத்தி, 9 டாக்குகள் குறித்த உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்பதை அதனுடன் அனுப்பும் கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள். அந்த டாக்குகளைப் பெட்டியில் போட்டுத் தனியே வையுங்கள். வேறு வேலைக்குப் பயன்படுத்தினால் அவற்றையும் நீங்கள் ஏற்றுக்கொண்டதாக அவர் வாதிடுவார்.